தேத்தண்ணியில் தோய்த்த அட்டை

(வலிகாமத்து வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு வழக்கு வந்த இடங்கள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளன.)



நோட்டீசில் என்னுடைய தலைப்பு ‘விளையாட்டும் வாழ்க்கையும்’ என்று அடித்திருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் பேசினால் நீங்களும் நித்திரை, நானும் நித்திரை. ஆகவே சட்டைப் பையில் கொண்டுவந்த ஒரு சின்னச் சாமானைப் பற்றி மட்டும் பேசிவிட்டு இறங்குகிறேன்.

இதுதான். பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கிறது. நாங்கள் முந்நூற்றுநாலு விளையாடும் கடுதாசியை விடச் சின்னது. ஒன்றரை அங்குல அகலம், இரண்டே முக்கால் அங்குல உயரம். முன்பக்கத்தில் வரியில்லாத தொப்பியும் கழுத்துப் பட்டி வைத்த சட்டையுமாக ஒரு வெள்ளைக்கார இளைஞர். அவருக்குப் பின்னால் கடல், ஒரு வள்ளம், ஒரு பனைமரம். நிறம் மங்கி, ஓரம் சற்றுப் பழுத்து, நூற்று முப்பது வருசம் பழையது போல இருக்கும். ஏமாந்துவிடாதீர்கள். இதைச் செய்தது ரொறன்ரோவில் இருக்கும் என் பேரன். மகளின் மகன், பதினைந்து வயது. படத்தை வரைந்து, தடித்த மட்டையில் அச்சடித்து, ஆறின தேத்தண்ணியில் தோய்த்துக் காயவைத்திருக்கிறான். அந்தத் தேயிலையும் நான் இங்கேயிருந்து அனுப்பினதுதான். அட்டையை நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தான்.

வீடியோவில் கேட்டேன்: “இது ஆர் தம்பி, இந்தத் தொப்பிக்காரர்?”

“ஜோன் மொன்ட்கொமரி வார்ட், அம்மப்பா. பேஸ்போல் வீரர். இவர் கொழும்புக்கு வந்து விளையாடினவர்.”

“எப்ப?”

“1889.”

புழுகுகிறான் என்றுதான் நினைத்தேன். பிறகு தேடி வாசித்தேன். பொடியன் சொன்னது உண்மை.

பேஸ்போல் என்றால் என்னவென்று இந்தச் சபையில் அதிகம் விளக்கத் தேவையில்லை. எல்லே விளையாடின பிள்ளைகளுக்குப் பாதி விளங்கிவிடும். பந்தை ஓங்கி அடித்துவிட்டு, மட்டையைப் போட்டுவிட்டு, வைத்திருக்கும் தரிப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் புறப்பட்ட இடத்துக்கே ஓடிவரவேண்டும். எல்லேயில் ஓடுகிறவன் முதுகைக் குறிபார்த்துப் பந்தால் எறியலாம். பேஸ்போலில் எறிந்தால் அடிதடிதான். பந்தோடு தொடவேண்டும், அல்லது அவன் சேருமுன் பந்து தரிப்புக்குப் போய்ச் சேரவேண்டும். மற்றதெல்லாம் பார்க்கப் பார்க்க விளங்கும்.

விளையாட்டை விட எனக்கு அந்த அட்டையின் கதைதான் பிடித்தது. ஏனென்றால் அது புகையிலையில் முளைத்த கதை. புகையிலையைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்கு ஆரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எங்கள் ஐயா போயிலைத் தோட்டக்காரர். துலா மிதித்து இறைத்து, கன்றுக்குக் கன்று மண் அணைத்து, வெட்டி, குடிலில் அடுக்கிப் புகை போட்டு எடுத்த காசில்தான் நான் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் புகையிலை கடல் கடந்து திருவிதாங்கூருக்குப் போனது. சுருட்டாகித் தென்னிலங்கை முழுக்கப் போனது. இங்கே எத்தனையோ கல்வீடும் கோயில் மதிலும் போயிலைக் காசு.

அமெரிக்காவிலும் அதேபோல வேர்ஜீனியா மாநிலம். ஆனால் அங்கே 1880களில் சிகரெட் மேலே வரத் தொடங்கியது. அதுவரை சிகரெட்டைக் கையால்தான் சுற்றினார்கள். கைதேர்ந்த ஒருவர் ஒரு நாளில் மூவாயிரம் சுற்றுவார். ஜேம்ஸ் பொன்சாக் என்ற ஒரு பொடியன், இருபது வயதுகளில், 1881இல் ஒரு இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தான். அது ஒரு நாளில் லட்சத்துக்கு மேல் சுற்றியது. சரக்கு குவிந்துவிட்டது, இனி விற்கவேண்டும். அந்தக் காலத்துச் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் வந்தது, சட்டைப் பையில் வைத்தால் நசிந்துபோகும். நசியாமல் இருக்க உள்ளே ஒரு மட்டைத்துண்டு வைத்தார்கள். மட்டைத்துண்டு சும்மா வெறுமையாக இருப்பானேன் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அதிலே நடிகைகளும் கொடிகளும் பறவைகளும் விளையாட்டு வீரர்களும் ஏறினார்கள். தகப்பன் புகைத்தார், பிள்ளை அட்டை சேர்த்தது. பிள்ளைக்கு முழுத் தொகுதியும் சேரவேண்டும் என்றால் தகப்பன் அதே கம்பனியின் சிகரெட்டையே புகைக்கவேண்டும். கெட்டிக்கார வியாபாரம்.

ரிச்மண்ட் நகரத்து அலன் அன்ட் ஜின்டர் கம்பனி 1887இல் விட்ட ‘உலக வெற்றி வீரர்கள்’ என்ற ஐம்பது அட்டைத் தொகுதியில் பேஸ்போல்காரர் பத்துப் பேர். மிச்சப் பேர் குத்துச்சண்டைக்காரர், மல்யுத்தக்காரர், படகோட்டிகள், துப்பாக்கி சுடுகிறவர்கள் போன்றவர்கள். வார்ட் அந்தப் பத்துப் பேரில் ஒருவர். அழகான வர்ண அச்சு. நியூயோர்க்கில் ஓல்ட் ஜட்ஜ் என்ற சிகரெட்டோடு வந்தவை வேறு மாதிரி: உண்மையான புகைப்படத்தைச் சின்னதாக அச்சிட்டு மட்டையில் ஒட்டினார்கள். அக்காலத்துக் கமராவுக்கு ஓடுகிற பந்து பிடிபடாது. ஆகவே ஸ்ரூடியோவுக்குள் திரைச்சீலைக்கு முன்னால் வீரரை நிறுத்தி, பந்தை ஒரு நூலில் கட்டிக் கூரையில் இருந்து தொங்கவிட்டு, “பிடிக்கிற மாதிரி நில்லும்” என்றிருக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் சில அட்டைகளில் நூல் தெரியும். பேரன் எனக்கு அந்த நூலைத் தொலைபேசியில் பெரிதாக்கிக் காட்டினான். நானும் அவனும் அன்று நன்றாகச் சிரித்தோம். எங்கள் கலியாண அல்பங்களில் மாப்பிள்ளை தொலைபேசி காதில் வைத்து நிற்கும் படங்கள் நினைவுக்கு வந்தன. அந்தத் தொலைபேசிக்கு வயரே இருக்காது.

சரி, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். அலன் அன்ட் ஜின்டர் அட்டையின் பின்பக்கத்தில் அந்த வீரரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஐம்பது பேரின் பெயர்ப் பட்டியலும் கம்பனியின் பெயரும்தான். ஓல்ட் ஜட்ஜ் அட்டையின் பின்பக்கம் வெறும் மட்டை. எனக்கு இங்கேதான் கதை தொடங்குகிறது. அந்த மனிதரின் முகத்தை வைத்துச் சிகரெட் விற்றவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருக்கவேண்டும்? கேளுங்கள். வார்ட் 1860இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். இருபது வயதில், 1880 யூன் 17ஆம் திகதி, பந்து எறிகிறவராக நின்று எதிரணியினர் அடிக்க வந்த இருபத்தேழு தடவையும் அவர்களை ஒருவர் பின் ஒருவராக வெளியேற்றினார். ஒருவர் கூட முதல் தரிப்புக்குப் போய்ச் சேரவில்லை. பூரண ஆட்டம் என்பார்கள். ஐந்து நாள் முந்தித்தான் இன்னொருவர் அதை முதன்முதலாகச் செய்திருந்தார். அவர்களுடைய அந்த லீக்கில் அடுத்த பூரண ஆட்டம் நடக்க எண்பத்துநாலு வருசம் எடுத்தது. பிறகு கை பழுதாகி எறிய முடியாமல் போனது. வேறொருவர் என்றால் ஊருக்குப் போயிருப்பார். இவர் இடம் மாறிக் களத்தடுப்பாளராகப் பெயர் எடுத்தார். விளையாட்டு இல்லாத மாதங்களில் சட்டம் படித்து, 1885இல் கொலம்பியாவில் பட்டம் எடுத்தார்.

சட்டம் படித்த விளையாட்டுக்காரன் முதலாளிக்குத் தலையிடி. அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இந்த வருசம் ஒரு அணிக்கு விளையாடினால், அந்த அணி விடும்வரை அடுத்த வருசமும் அதற்கே விளையாடவேண்டும். வேறு அணி கூடச் சம்பளம் தந்தாலும் போகமுடியாது. ஆனால் முதலாளி உன்னை விற்கலாம். 1887இல் கிங் கெலி என்ற பெரிய வீரரைச் சிக்காகோ அணி பொஸ்ரன் அணிக்குப் பத்தாயிரம் டொலருக்கு விற்றது. அந்தக் காசு முதலாளிக்கு. அதே வருசம் வார்ட் ஒரு சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். பேஸ்போல் வீரன் அசையும் ஆதனமா என்பதுதான் அதன் தலைப்பு. காணி உறுதி வாசித்துப் பழகின எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லின் குத்து விளங்கும். மாடு, வண்டில், நகை, அதோடு பந்தடிக்கிற மனிசன். உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறையைச் சட்டம் ஒழித்து, இருபத்திரண்டு வருசம்தான் ஆகியிருந்த நாட்டில் கேட்ட கேள்வி அது. அதற்கு இரண்டு வருசம் முதலே, 1885இல், விளையாட்டு வீரர்களுக்கான முதலாவது சங்கத்தையும் அவரே சேர்த்துக் கட்டியிருந்தார்.

இப்படிப்பட்டவர்தான் கொழும்பில் வந்து இறங்கினார். கூட்டிவந்தவர் அல்பர்ட் ஸ்போல்டிங். ஒரு காலத்தில் பந்து எறிந்தவர், பிறகு சிக்காகோ அணியின் முதலாளி, விளையாட்டுச் சாமான் வியாபாரி. உலகம் முழுக்கப் பேஸ்போலைப் பரப்பினால் உலகம் முழுக்கப் பந்தும் மட்டையும் விற்கலாம் என்பது கணக்கு. இரண்டு அணிகளைச் சேர்த்துக்கொண்டு 1888 ஒக்டோபரில் சிக்காகோவில் இருந்து புறப்பட்டார். ஹவாய், நியூசிலாந்து, அவுஸ்திரேலியா, பிறகு கொழும்பு. ஒரு அணிக்குத் தலைவர் கப் அன்சன், மற்ற அணிக்குத் தலைவர் வார்ட். 1889 ஜனவரி 26ஆம் திகதி கொழும்பில் ஆடினார்கள். ஐந்து இன்னிங்ஸ். மூன்றுக்கு மூன்று, சமநிலை. கப்பல் ஏறிச் சுயெஸ் பக்கம் போய்விட்டார்கள். பெப்ரவரியில் எகிப்தின் பிரமிட்டடியில் மணலில் விளையாடினார்கள்.

அந்த ஜனவரியில் யாழ்ப்பாணம் என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ரயில் இல்லை, அது வர இன்னும் பதின்மூன்று வருசம். கொழும்பு என்றால் கப்பல், இல்லாவிட்டால் வன்னிக்காட்டு வண்டில் பாதை. அமெரிக்கர் மட்டும் இங்கே புதினமில்லை. 1816 முதல் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் மானிப்பாயிலும் அமெரிக்க மிஷன்காரர் குடியிருந்து பள்ளிக்கூடம் நடத்தி, வைத்தியம் பார்த்து, உதயதாரகைப் பத்திரிகையை அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எதிர்கொள்ள எங்கள் சைவத்தார் இந்து சாதனம் பத்திரிகையைத் தொடங்கியதும் இதே 1889இல்தான். ஊரெல்லாம் சமயத்தைப் பற்றிய வாக்குவாதம். அந்த நேரத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய விளையாட்டுக்காரர் இருபது பேர் இருநூற்றைம்பது மைல் தெற்கே ஒரு பின்னேரம் பந்தடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களுக்கு வந்து ஒட்டிக்கொண்டது பிரித்தானிய மிஷன் கல்லூரிகளின் கிரிக்கெட். 1904 முதல் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் மோதுகிற பெருஞ்சமருக்கு இன்றைக்கும் ஊர் திரளுகிறது. பேஸ்போல் கொழும்புத் துறைமுகத்திலேயே கப்பல் ஏறிவிட்டது.

இங்கே ஒரு சின்ன விலகல், தலைவர் மணியைத் தொடவேண்டாம். ஸ்போல்டிங் வயதான காலத்தில் பேஸ்போல் சுத்தமான அமெரிக்க விளையாட்டு என்று நிறுவ ஆசைப்பட்டார். ஒரு ஆணைக்குழு போட்டார்கள். அது அப்னர் டபிள்டே என்ற படைத்தளபதிதான் இதைக் கண்டுபிடித்தவர் என்று தீர்ப்புச் சொன்னது. சுத்தக் கட்டுக்கதை. ஆனால் அந்த டபிள்டே வேறொரு விதத்தில் எங்களுக்கு உறவு. கேணல் ஒல்கொட் நியூயோர்க்கை விட்டு இந்தியாவுக்குப் புறப்பட்டபோது, அமெரிக்காவில் பிரம்மஞான சபையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம்தான் கொடுத்துவிட்டு வந்தார். அதே ஒல்கொட்தான் பிறகு இலங்கைக்கு வந்து பௌத்தப் பள்ளிக்கூடங்கள் தொடங்கினவர், சென்னை அடையாற்றில் இருந்தவர். கண்டுபிடிக்காத விளையாட்டுக்குத் தகப்பன் பட்டம் கிடைத்த மனிதர் உண்மையில் செய்த வேலைகளை ஆரும் நினைப்பதில்லை. சரி, விடுவோம்.

வார்ட்டிடம் வருகிறேன். கப்பல் சான்பிரான்சிஸ்கோவில் இருந்து புறப்பட்டுச் சில நாளில், அமெரிக்காவில் அணி முதலாளிமார் கூடி ஒரு திட்டத்தை நிறைவேற்றினார்கள். வீரர்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து, முதல் வகுப்புக்கு 2,500 டொலர், கடைசி வகுப்புக்கு 1,500 என்று சம்பளத்துக்கு மூடி போட்டார்கள். விளையாட்டை மட்டும் பார்த்து வகுப்புப் பிரிப்பதில்லை, நடத்தையும் பார்ப்பார்களாம். சங்கத் தலைவர் நடுக்கடலில். தபால் போய்ச் சேர வாரக்கணக்கு. இது தற்செயலா, திட்டமிட்டதா என்று அமெரிக்கர் இன்றும் வாதாடுகிறார்கள். எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்திரண்டு வருசம் இருந்தவன் நான். முக்கியமான கூட்டத்தை யார் லீவில் நிற்கும் நாளில் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

வார்ட் சுற்றுலா முடியுமுன்பே ஊர் திரும்பினார். 1890இல் வீரர்கள் தாங்களே ஒரு லீக் தொடங்கினார்கள், லாபத்தில் பங்கோடு. பெரும்பாலான நட்சத்திரங்கள் அங்கே போய்விட்டார்கள். ஒரே ஒரு பருவம். காசு போட்டவர்கள் பயந்து பழைய முதலாளிமாரோடு சேர்ந்துவிட்டார்கள், லீக் கவிழ்ந்தது. அதே 1890இல் சிகரெட் கம்பனிகள் ஐந்து சேர்ந்து ஒரே கம்பனியாகின. போட்டி இல்லை என்றால் பிறகு அட்டை எதற்கு? அட்டையும் ஏறத்தாழ நின்றுபோனது. வார்ட் எதிர்த்த அந்த நிபந்தனை விழ 1975 வரை சென்றது. அவர் 1925இலேயே காலமாகிவிட்டார்.

1909இல் அட்டைகள் திரும்பி வந்தபோது ஹோனஸ் வாக்னர் என்ற வீரர் தன் படத்தை நிறுத்தச் சொன்னார். பிள்ளைகள் புகையிலை வாங்கக்கூடாது என்பதற்காக என்று ஒரு கதை, காசு தராததற்காக என்று ஒரு கதை. அதனால் மிகச் சில அட்டைகளே வெளியே வந்தன. 2022இல் அதில் ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டொலருக்குப் போனது. ‘வேண்டாம்’ என்று சொன்ன அட்டைதான் விலை கூடினது. பேரனிடம் சொன்னேன், நீயும் சிலதை வேண்டாம் என்று சொல்லிப் பார் என்று. அவன் சிரிக்கவில்லை.

இப்ப அவன் செய்த வேலைக்கு வருவோம். அமெரிக்காவில் பழைய வீரர்களுக்குப் புதிதாக அட்டை செய்கிற ஓவியர் பலர் இருக்கிறார்கள். அக்காலத்து அளவு, அக்காலத்து எழுத்து, அக்காலத்துப் பழுப்பு. ஆனால் அக்காலத்தில் வராத அட்டை. கள்ள அட்டை அடித்துப் பழையது என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு சாதி. இவர்கள் பின்பக்கத்தில் தங்கள் பெயரையும் ஆண்டையும் போடுவார்கள். பேரனும் போட்டிருக்கிறான். அவன் ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொல்கிறேன்: ‘27 பேர் வந்தார்கள், 27 பேரும் போனார்கள், 1880. சங்கம், 1885. நான் என்ன சொத்தா என்று கேட்டார், 1887. கொழும்பு, 3–3, 1889.’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ‘இது இப்போது செய்த அட்டை. பழையது என்று ஆருக்கும் விற்காதே.’

“முதலில் அன்சனுக்குத்தான் செய்வம் எண்டு இருந்தனான், அம்மப்பா,” என்றான். அன்சன் பெரிய ஆள்தான், பந்தடிப்பதில் அக்காலத்தில் அவருக்கு நிகர் இல்லை. ஆனால் கறுப்பர் நிற்கிற அணியோடு விளையாடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவர். 1884இல் மோசஸ் ஃப்ளீட்வுட் வோக்கர் என்ற கறுப்பர் பெரிய லீக்கில் விளையாடியிருந்தார். அன்சனைப் போன்றவர்கள் கதவை மூடியபிறகு அது திறக்க 1947 ஆகிவிட்டது. அந்த உலகச் சுற்றுலாவிலும் கிளாரன்ஸ் டுவால் என்ற ஒரு கறுப்புப் பொடியனை அணிக்கு ராசி என்று கூட்டித் திரிந்தார்கள். கொழும்புக்கும் வந்தவன்தான். கெய்ரோ ரயில் நிலையத்தில் அவனுக்குப் பந்து பிடிக்கிறவரின் முகமூடியைப் போட்டு, இடுப்பில் கயிறு கட்டிக் குரங்காட்டினார்கள். இதை அன்சன் தன் புத்தகத்தில் பகிடியாக எழுதி வைத்திருக்கிறார். அதை வாசித்த அன்று பேரன் அன்சன் படத்தைக் கிழித்துவிட்டு வார்ட்டை வரையத் தொடங்கினான். வார்ட் அப்போது அங்கே நின்றவர்தானே, என்ன செய்தார் என்று நான் கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. கேட்டிருக்கக்கூடாது என்று பிறகு தோன்றியது. ஆனாலும் கேட்டதில் பிழையும் இல்லை.

பனைமரத்தைப் பற்றியும் வாக்குவாதம் வந்தது. “கொழும்புக் கடற்கரையில பனை எங்க தம்பி? தென்னை எல்லோ.” “அது அம்மான்ர ஊருக்காக,” என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

கொஞ்ச நாள் கழித்து அவன் கேட்டான்: “அம்மப்பா, எங்கட ஊரில ஆருக்குச் செய்யலாம்?”

யோசிக்கவே இல்லை. எதிர்வீரசிங்கம்.

பின்வரிசையில் தலையாட்டுகிற ஐயாமாருக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், பெரியவிளானில் பிறந்தவர், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர். 1952இல் பதினெட்டு வயது கூட ஆகாமல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் பாய்ந்தவர். 1956இல் மெல்பேர்ண். 1958இல் டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டில் 6 அடி 8 அங்குலம் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அந்தக் காலத்தில் இப்போது போல மெத்தை கிடையாது; அந்தப் பக்கம் மணல்தான். பாய்ந்தவன் விழுகிறதைப் பற்றியும் யோசித்துக்கொண்டே பாயவேண்டும். 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளி. அமெரிக்காவில் படித்துக் கலாநிதியாகி, ஆபிரிக்காவில் கற்பித்து, வயதுபோன காலத்திலும் இங்கே வந்து வடக்குப் பிள்ளைகளுக்குப் பாயச் சொல்லிக்கொடுத்தவர். 2024இல் காலமானார்.

1958இல் எனக்குப் பத்து வயது. டோக்கியோ விளையாட்டு மே 24இல் தொடங்கி யூன் முதலாம் திகதி முடிந்தது. திகதிகளைக் கவனியுங்கள். அதே கிழமைதான் தெற்கில் எங்கள் சனத்தைத் தேடித்தேடி அடித்தார்கள். மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம். அங்கே ஒருவர் இலங்கைக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு பாய்கிறார். இங்கே அவருடைய மொழி பேசுகிறவர்கள் கப்பலில் அகதியாக வந்து இறங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் ஐயாவின் சொந்தக்காரர் ஒருவர் வந்தார். கொழும்பில் கடை வைத்திருந்தவர். வரும்போது கையில் ஒரு சின்ன சூட்கேஸ் மட்டும்.

செய்தி வந்த அன்று ஐயா அடுப்பங்கரையில் இருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்தார். போயிலைக் கன்று அளக்கிற கோலால் தலைவாசல் சுவரில் 6 அடி 8 அங்குலம் அளந்து ஒரு கோடு இழுத்தார். “சுவரைக் கரிக்கிறியள்,” என்று அம்மா சத்தம் போட்டா. ஐயா நல்ல உயரம், ஆனாலும் கோடு அவருடைய தலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி நின்றது. கொழும்பில் இருந்து வந்தவர் வந்து இரண்டு மூன்று நாள் ஒருவரோடும் கதைக்கவில்லை. ஒரு விடியற்காலையில் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொண்டு “இது என்ன அண்ணை?” என்று கேட்டார். ஐயா சொன்னார். அவர் கையை மேலே நீட்டிக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.

தைப்பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது ஐயா அந்த இடத்தை மட்டும் விட்டு அடிப்பார். அவர் போனபிறகு நானும் அப்படியே. 1995 ஒக்டோபரில் சண்டை நெருங்க, வலிகாமத்தை விட்டு எல்லாரும் போனோம். இந்தச் சபையில் அரைவாசிப் பேர் அந்த இரவு நாவற்குழிப் பாலத்தில் நின்றவர்கள்தான். திரும்பி வந்தபோது தலைவாசலும் இல்லை, சுவரும் இல்லை. கொப்பியில் ஒட்டி வைத்திருந்த பேப்பர்ப் படமும் இல்லை.

பேரன் படத்தைத் தானே வரைந்துவிட்டான். கால் குறுக்குத் தடிக்கு மேலே, உடம்பு கவிழ்ந்து, கீழே மணல். பின்பக்கத்தில் என்ன எழுதுவது என்றுதான் வீட்டில் பிரச்சினை. 1958 மே என்றால் என்ன நடந்தது என்று எழுதவேண்டும் என்றான் அவன். விளையாட்டு அட்டையில் கலவரம் எதற்கு, அந்த மனிசன் பாய்ந்ததை மட்டும் போடு என்றாள் மகள். எனக்கு இரண்டும் சரியாகப் பட்டது, இரண்டும் போதாமலும் பட்டது. வார்ட்டின் அட்டையில் கம்பனிக்காரன் எழுதாததை எல்லாம் எழுதலாம் என்று நான்தான் அவனுக்குப் புளுகம் ஏற்றினவன். இது எங்கள் ஆள் என்று வந்தவுடன் கை தயங்குகிறது. அன்றைக்கு வேறு கதை இல்லாமல் அந்தக் கரிக்கோட்டைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவனுக்கு அதைச் சொன்னதில்லை. மகளுக்கும் அதன் முழுக்கதை தெரியாது; அவள் தொலைபேசியைக் கணவரிடம் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

அந்த இரண்டாவது அட்டை போன கிழமைதான் வந்தது. மற்றப் பையில் இருக்கிறது, பொறுங்கோ. இதுதான் முன்பக்கம். பின்பக்கத்தில் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை. மேல் ஓரத்துக்குக் கொஞ்சம் கீழே கறுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். உண்மையான கரியால் இழுத்திருக்கிறான், தடவினால் கையில் ஒட்டும்.

இரண்டையும் சுற்றுக்கு விடுகிறேன். முன்வரிசை அக்கா, நீங்கள் தொடங்குங்கோ. ஓரத்தில் பிடியுங்கோ, நடுவில் விரல் படவேண்டாம். கதிரை போதாமல் மதிலில் குந்தியிருக்கிற தம்பிமார் வரை போய் இரண்டும் திரும்பி என்னிடம் வரவேணும்.